பிரீனா உண்டாக்கிய பாஷை

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. பால்காரர் ஊற்றும் பாலையும் சந்தேகப்படுவேன், என் கணவர் காரணமில்லாமல் சிரித்தாலும் சந்தேகப்படுவேன். அப்படியிருக்க, அடுத்த வீட்டு மருமகள் பிரீனா மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி போனில் யாருக்கும் விளங்காத பாஷை பேசினால் என் காது சும்மா இருக்குமா?

மலையாளம் எனக்குத் தெரியும். கேரள எல்லையை ஒட்டிய எங்கள் புதுக்கடைச் சந்தையில் மீன் வாங்குகிற எவருக்கும் பாதியாவது தெரியும். என் கணவர் சவுதியில் இருந்தவர் என்பதால் அரபி எப்படி ஒலிக்கும் என்பதும் தெரியும். இது இரண்டும் இல்லை, இந்தியும் இல்லை. ஸ்பீக்கரில் பதில் சொல்வது ஓர் ஆண்குரல் வேறு. பேச்சுக்கு நடுவே பிரீனா சிரிப்பாள். என்னைக் கண்டதும் ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். மடியில் கனமில்லாதவள் ஏன் போகவேண்டும்?

மற்றபடி அவளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. மணவாளக்குறிச்சிப் பக்கத்துப் பெண். ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்தவள். மேலே மொழியியல் படிக்கவேண்டும் என்று அடம்பிடித்தாளாம். அதற்குள் குவைத் மாப்பிள்ளை சிஜின் வந்துவிட்டான். கல்யாணம் முடிந்து அவன் திரும்பிப் போனான், இவள் இங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறாள். படிப்பு போன ஏக்கம் முகத்திலேயே இருக்கும். ஏக்கம் பிடித்த பெண்ணைச் சந்தேகப்படாமல் வேறு யாரைச் சந்தேகப்படுவது?

நான் ஒரு தினுசாகச் சந்தேகப்பட்டால், அவள் மாமியார் பூங்கனி வேறு தினுசாகச் சந்தேகப்பட்டாள். அவர்கள் குடும்பம் நாலு தலைமுறையாக ஒரே சபை. பூங்கனியின் கணவரை அந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்திருக்கிறது. பக்கத்தில் தனக்கும் இடம் உண்டு என்ற நிம்மதியில் இருக்கிறவள் அவள். வீட்டில் ஒருவர் சபை மாறினாலும் அந்த இடம் போய்விடுமோ என்று பயம். அடுத்த தெருவில் கைதட்டிப் பாடும் ஜெபவீடு ஒன்று உண்டு. அங்கே ஆவி இறங்கினால் அந்நிய பாஷை பேசுவார்கள். மருமகள் வாயிலிருந்து விளங்காத பேச்சு வந்ததும் பூங்கனி முடிவுகட்டிவிட்டாள்.

"அன்னக்கிளி, எனக்க மருமவ அங்க சேந்துட்டாளாக்கும்," என்று மதிலோரம் நின்று மூக்கைச் சிந்தினாள். "மவன்கிட்ட சொன்னேன், அவன் ஒண்ணும் மிண்டல்ல, வாயே தொறக்கல்ல. நாளைக்கு உபதேசியாரு வாறாரு. மெய்தான்னு தெரிஞ்சா அவளுக்க வீட்டுல கொண்டு விட்டுருவேன். நீயும் வா, நீயும் கேட்டதுதானே?"

அழைத்தால் போகாமல் இருப்பேனா?

அவர்கள் சபையின் உபதேசியார் ஜேசுதாஸ் நிதானமான மனிதர். சாயாவைக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மக்கா, மாடியில என்ன பாஷையாக்கும் பேசுதது?"

"நானே உண்டாக்கினது ஐயா," என்றாள் பிரீனா.

அது இன்னும் பெரிய குழி என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆவியில் வந்தது என்றால் சபை மாறியவள். தானே உண்டாக்கியது என்றால் ஆவியைக் கேலி செய்கிறவள்.

"ஏட்டி, பரிசுத்த ஆவியானவரையா களியாக்குத?" என்று பூங்கனி எழுந்தே விட்டாள்.

பிரீனா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பேசினாள். போனில் இலவசமாக மொழியியல் வகுப்பு ஒன்று நடக்கிறதாம். படித்து ஒப்பிக்கிற வேலை அங்கே இல்லை, ஆளுக்கொரு பாஷையை உண்டாக்கவேண்டும். முதலில் ஒலிகளைப் பொறுக்கவேண்டும். ழகரத்தை விட மனமில்லாமல் வைத்துக்கொண்டாளாம். பிறகு சொற்கள். பிறகு நேற்று நடந்ததை எப்படிச் சொல்வது, நடக்காததை எப்படிச் சொல்வது என்று ஒவ்வொன்றாக.

"உண்டாக்கும்போதான் ஐயா தெரியுது. கேள்வி கேக்கும்போ சத்தத்த எங்க தூக்குதோம், பெரியவங்ககிட்ட பேச்சு எப்பிடி மாறுது... இத்தற வருஷம் தமிழ் பேசிட்டு நான் இத ஒண்ணையும் கவனிக்கல்ல."

இதைச் சொன்னபோது அவள் முகத்தில் அந்த ஏக்கத்தைக் காணோம்.

உபதேசியார் சோதித்துப் பார்த்தார். "மழைக்கு முன்ன தேங்காய வாரணும். இத அதுல சொல்லு."

சொன்னாள். வேறு என்னென்னவோ பேசிவிட்டு, திடீரென்று அதையே திரும்பக் கேட்டார். பிசகாமல் அதையே சொன்னாள். "இது படிச்ச பேச்சுதான் பூங்கனி," என்றார் அவர். பூங்கனிகூடக் கொஞ்சம் இளகினாள். எனக்கு இளகவில்லை.

"நிக்கட்டும் ஐயா," என்றேன். "இவ உண்டாக்கின பாஷைன்னா இவளுக்கு மட்டுந்தானே தெரியணும்? போன்ல பதில் சொன்ன ஆம்பள யாரு?"

"ஆம்பளயா?" என்று பூங்கனி நெஞ்சில் கை வைத்தாள். பிரீனா என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லமாட்டேன்.

அவள் போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, மேசைமேல் வைத்தாள். யாரோ எடுத்ததும் அந்தப் பாஷையில் ஏதோ கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். போனில் இருக்கிறவன் கைவிட்டால் இவள் இன்றைக்கே பெட்டியைத் தூக்கவேண்டியதுதான் என்று எனக்கே தோன்றியது.

"அம்மா பக்கத்துல உண்டா?" என்று தமிழில் கேட்டது சிஜினின் குரல்.

"உண்டும்லே. நீ அவளுக்குப் பதில் சொல்லு," என்றாள் பூங்கனி.

அவன் பேசினான். தயங்கித் தயங்கித் தொடங்கி, பிறகு மடை திறந்த மாதிரி, எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காத பாஷையில் நெடுநேரம் பேசினான். நடுவில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான். உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னட்டி சொல்லுதான்?" என்றாள் பூங்கனி.

"பாஷைன்னா பதில் சொல்ல ஒரு ஆளு வேணும் மாமி. அதனால நாந்தான் இவர படிக்கச் சொன்னேன். அம்மா சிரிப்பா, அவ அறியண்டாம்னு இவரு சொன்னாரு." பிரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கேட்டப்போ மிண்டாம இருந்தது தப்பாக்கும்னு இப்பம் சொல்லுதாரு. அங்க வேலைக்காரங்க தங்குத கேம்புல மனசு விட்டுப் பேச ஆளில்லயாம். பயந்து கிடந்த நாளு எல்லாம் இதுலதான் எங்கிட்ட சொன்னது. தமிழ்ல சொல்ல நாக்கு எழும்பாதாம்."

பூங்கனிக்குச் சபையும் மறந்துவிட்டது, உபதேசியாரும் மறந்துவிட்டார். போனை இரண்டு கையாலும் எடுத்து வாயருகே வைத்துக்கொண்டாள்.

"பயமா இருந்துதா மக்கா? எங்கிட்டயும் சொல்லுலே."

"சாப்பிட்டியாம்மா? மருந்து தின்னியா?" என்றான்.

"தின்னேன் மக்கா," என்றாள் பூங்கனி. கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு போனை மருமகளிடம் நீட்டினாள்.

"நீ கேளுட்டி, அவனுக்கு என்ன பயம்னு."