நிலக்கரிக் குத்தகைக்கு எதிராக ஐந்து நிமிடம்

மலைகளுக்கு அப்பால் இருக்கும் அந்த அரச காட்டுக்கு நான் முதலில் போனது வேலை விஷயமாகத்தான். நான் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். காட்டின் நடுவே, மணற்பாறைக்கு மேல், ஒரு சதுப்பு. மழையே இல்லாத மாதங்களிலும் அதிலிருந்து தண்ணீர் கசிந்து ஓடையாகப் போய்க்கொண்டிருக்கும். மாதிரி எடுக்கக் குனிந்தவள் முழங்கால்வரை கறுப்புச் சேற்றில் இறங்கிவிட்டேன். வெளியே வர மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அதற்குப் பிறகு, அங்கே நீர்மட்டம் அளக்கும் தொண்டர்களோடு சேர்ந்துகொண்டேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நகரத்தில் எங்கள் வீடு இருக்கும் பென்டில் ஹில்லில் இருந்து கார் ஓடிப் போவேன். ஆறு வருடம் போனேன்.

அந்தக் காட்டுக்கு அடியில் கரி இருக்கிறது. கரியை எடுத்தால் மேலே உள்ள பாறை அமர்ந்து வெடிக்கும். வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கிவிடும். அதனால் அப்படிப்பட்ட அரச காணிகளில் புதிதாக நிலக்கரிக் குத்தகை கொடுக்கக் கூடாதென்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதை நீக்க ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதை ஆராய்ந்த விசாரணைக் குழு மக்களின் கருத்தைக் கேட்டது. எங்கள் தொண்டர்கள் என்னைப் பேசச் சொன்னார்கள். அளவுகளில் பாதி என் கையெழுத்தில் இருந்தன.

“நீர் கதைச்சு அவை நிப்பாட்டப் போகினமே?” என்று கணவர் கேட்டார்.

“தெரியாது. ஆனா கதைக்காமல் இருக்கேலாது.”

அந்த ஞாயிறு மேய்ஸ் ஹில் கோயில் வாசலில் ஒருவர் என்னை மறித்தார். எங்கள் தெருவில் குடியிருப்பவர், நாற்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். அகதியாகப் படகில் வந்து, இத்தனை வருடமாகத் தற்காலிக விசாவில் இருக்கிறார். அந்தக் காட்டை ஒட்டிய பழைய சுரங்கத்தில், ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் இயந்திரம் கழுவும் வேலை. வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார்.

“அக்கா, நீங்கள் அந்தச் சட்டத்துக்கு எதிராக் கதைக்கப் போறியளாம். உண்மையே?”

“ஓம் தம்பி.”

“பழைய இடத்திலை கரி முடியுது. புதுக் குத்தகை கிடைக்காட்டி எங்களைத்தான் முதல் நிப்பாட்டுவாங்கள். இந்த விசாவோடை எனக்கு வேறை ஆர் வேலை தருவினம்?”

“அந்தத் தண்ணி போனால் திரும்பி வராது, தம்பி.”

“என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பினால் நானும் திரும்பி வரமாட்டன், அக்கா.”

அவர் கோபப்படவில்லை. கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

விசாரணையில் எனக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள். நீர்மட்ட வரைபடங்களைக் காட்டிப் பேசினேன். குழு உறுப்பினர் ஒருவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: “நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?” சொன்னேன். “அப்படியென்றால் அங்கே வேலைகள் போனால் உங்களுக்குத் தெரிந்த யாருக்கும் பாதிப்பு இல்லை.”

கோயில் வாசல் கண்முன் வந்தது. அவரைப் பற்றிச் சொன்னால் அது எங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். “இல்லை” என்றேன். நன்றி சொல்லி அடுத்தவரை அழைத்தார்கள்.

வாக்கெடுப்பை வேலையிடத்துச் சாப்பாட்டறையில் போனில் பார்த்தேன். வாக்கெடுப்பு மணி அடிக்கும்வரை சபை வெறுமையாகக் கிடந்தது. பிறகு வந்தார்கள், சிரித்துக் கதைத்தபடி உட்கார்ந்தார்கள். அரசும் எதிர்க்கட்சியும் ஒரே பக்கம். சில நிமிடங்களில் சட்டமூலம் நிறைவேறிவிட்டது. போனை வைத்துவிட்டு மாதிரிப் போத்தல்களிடம் திரும்பிப் போனேன்.

இரண்டு வருடத்துக்குள் சுரங்கம் சதுப்புக்கு அடியில் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை, நீர்மட்டம் அளக்கச் சதுப்பில் இறக்கியிருந்த குழாய்களில் முதலாவதற்குள் அளவுநாடாவை இறக்கினேன். நுனி தண்ணீரில் பட்டால் ஒலி வரும். அடிவரை இறக்கியும் வரவில்லை. அடுத்த குழாயிலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. நான் முன்பு புதைந்த சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேலே நடந்து போனேன், கால் இறங்கவில்லை. படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் ‘வறண்டது’ என்று எழுதிவிட்டு வந்தேன். பிறகு போகவில்லை.

புதிய சுரங்கத்துக்குப் பெரிய இயந்திரங்கள் வந்தன. பழைய ஒப்பந்தக்காரரை நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருக்காரருக்கும் வேலை போனது. மெல்பேர்னில் இறைச்சித் தொழிற்சாலையொன்றில் இடம் கிடைத்ததென்று குடும்பத்தோடு புறப்பட்டார். நான் வழியனுப்பப் போனபோது வாகனத்தில் மெத்தையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அண்டைக்கு அங்கை என்னைப் பற்றி ஏதும் சொன்னனீங்களே?”

“இல்லை தம்பி. அவை கேட்டவை. நான் சொல்லேல்லை.”

“சுரங்கத்துக்காகக் கதைச்சவையும் சொல்லியிருக்க மாட்டினம்,” என்றார். குரலில் குறை எதுவும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன மாதம் இன்னொரு காட்டுக்காக இன்னொரு சட்டமூலம் வந்திருக்கிறது. அதை எதிர்த்து எழுதச் சொல்லித் தொண்டர்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.