மச்சினன் வாங்கிய ஸ்கேனர்

என் மச்சினனுக்கு ரேடியோ பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. போன வருடம் எங்கிருந்தோ ஒரு பழைய ஸ்கேனரை, அடுத்தவர் ரேடியோவில் பேசுவதை ஒட்டுக்கேட்கும் பெட்டியை, வாங்கி வந்தான். நாமக்கல் ரோட்டு நூல் மில்லில் பேசும் வாக்கி டாக்கியின் அலைவரிசை ஒன்று அதில் மாட்டியது. அன்றிலிருந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தான். வேலை வெட்டி இருந்தால்தானே.

ஒரு நாள் அடுத்தடுத்து மூன்று குரல் வந்ததாம். "ஸ்டோர்காரரை வெளிய உடாதீங்க." "எட்டு மூட்டை குறையுது." "போலீசுக்குச் சொல்லியாச்சு."

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான் அந்த மில்லில் ஸ்டோர் பார்ப்பவர். அவர் நூல் திருடி மாட்டிக்கொண்டார் என்று இவன் டீக்கடையில் சொல்லிவிட்டான். அந்த வாரம் அவர் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு பனமரத்துப்பட்டி. பேச்சு அதுவரை போய்விட்டது. "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றமுங்க" என்று அங்கிருந்து போன் வந்தது.

"யாரு யாருகிட்டப் பேசுனது?" என்று இவனைக் கேட்டேன்.

"அது தெரியாதுங்க மாமா. ஒரே சேனல்லதான வந்துச்சு."

அந்த மில்லில் இருப்பது டிரங்கிங் என்ற முறை. கேட், லோடிங், ஸ்டோர் எல்லோருக்கும் பொதுவாகச் சில அலைவரிசைகள்தான். யார் பட்டனை அழுத்தினாலும் அப்போது காலியாக இருப்பதை இயந்திரம் கொடுக்கும். அடுத்த பேச்சுக்கு வேறொன்று. ஒரு குழுவின் பேச்சை விடாமல் கேட்க, அதன் பின்னாலேயே தாவுகிற ஸ்கேனர் வேண்டும். ஒன்றிலேயே குந்தியிருந்தால் ஊரார் பேச்சின் துண்டுகள்தான் விழும். குரலை டிஜிட்டலில் அனுப்பியிருந்தால் இவன் பெட்டியில் வெறும் கரகரப்புதான் வந்திருக்கும், அந்த மனுஷனின் மானமும் தப்பியிருக்கும். மில்காரர்கள் இன்னும் பழைய அனலாக்கில் பேசுகிறார்கள்.

மில்லில் போய் விசாரித்தேன். லாரி வரும்வரை ஸ்டோர்காரர் இருக்கட்டும் என்றது கேட்டில் நின்ற ஆள். மூட்டை குறைந்தது லோடிங்கில் எண்ணியவனின் தப்பு. போலீசுக்குச் சொன்னது ரோட்டில் கவிழ்ந்த டெம்போவுக்காக.

மச்சினனை வண்டியில் ஏற்றிப் பனமரத்துப்பட்டிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொல்ல வைத்தேன்.

"ஏனுங் தம்பி, அவருகிட்டயே ஒரு வார்த்தை கேக்க உங்களுக்கு வாயில்லீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"நீங்களுந்தான் கேக்கலீங்களே" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நிச்சயம் குறித்த நாளில் நடந்தது. தெருவில் எங்கள் வீட்டுக்கு மட்டும் அழைப்பில்லை. பந்திச் சத்தம் கேட்காமலிருக்க என் மனைவி சன்னலைச் சாத்தினாள். அவள் தம்பி வாசலில் உட்கார்ந்து சொல்கிறான்:

"டிரங்கிங் புடிக்கிற செட்டா வாங்கியிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காதுங்க மாமா."