இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு கல்யாண வகுப்பு

மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை கிளியனூர்ப் பையன், வேதக்காரக் குடும்பம், என்னைப் போலவே கிறிஸ்தவர்கள். கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபைக்கு அறிவிக்க வேண்டும். அது முடிந்தால் கல்யாணம். இதைச் சொல்லிவிட்டு வரத்தான் திண்டிவனத்தில் எங்கள் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். புதிதாக மாற்றலாகி வந்தவர். என் தம்பி மகன் வயதுதான் இருக்கும்.

"உங்க கல்யாணம் எந்தக் கோயில்லம்மா நடந்தது?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல, சாமி. அவரு இந்துங்க. வீட்டுக்குத் தெரியாம போய்க் கட்டிக்கினோம்."

"அப்போ மொதல்ல அதைச் சரிபண்ணுங்க. அப்புறம் பொண்ணுக்கு ஓலை வாசிக்கலாம்."

முன்னால் இருந்த சாமியார்கள் எல்லாம் கண்டும் காணாமல் விட்ட விஷயம். இருபத்தைந்து வருடமாக நான் தட்டில் போட்ட காணிக்கை செல்லும், திருவிழாச் சாப்பாட்டுக்கு நான் நறுக்கிய வெங்காயம் செல்லும், என் கல்யாணம் மட்டும் செல்லாதாம். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் ஞானஸ்நானம் எடுக்க வேண்டியதில்லை, இரண்டு பேரும் விழுப்புரத்தில் மூன்று சனிக்கிழமை கல்யாணத் தயாரிப்பு வகுப்புக்குப் போய் வந்தால் போதும் என்றார்.

"அது கல்யாணம் ஆகப்போறவங்களுக்குத்தானே சாமி?"

"சபை கணக்குல நீங்களும் அவங்கதாம்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே அவரை இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். மகள் முகம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார், வேர்க்கடலை மொத்த வியாபாரம். விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு வேற வேலை இல்லையா" என்று கத்துவார், அந்தச் சண்டையைச் சாமியார் மேல் திருப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். "சரி" என்றார். எங்கள் வீட்டில் அதுவே பெரிய பேச்சு. என் அம்மா செத்த அன்றுகூட லோடு இறக்கிவிட்டுத்தான் வந்தார் இந்த மனுஷன். அதற்குப் பிறகு எங்களுக்குள் சோறு, கரண்ட் பில், மகள், இவ்வளவுதான் பேச்சு.

வகுப்பு ஒரு மடத்து ஹாலில். சுற்றிலும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசுப் பிள்ளைகள், மேசைக்கடியில் கையைப் பிடித்துக்கொண்டு. நடுவில் நாங்கள். முதல் வகுப்பை ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் எடுத்தார். மாதிரித் தம்பதியாம், மனைவியையும் மேடையில் உட்கார வைத்திருந்தார். இல்லறத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று மூச்சுவிடாமல் பேசினார். அந்த அம்மா கடைசிவரை வாயே திறக்கவில்லை. அவர் கை நீட்டும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கொடுத்தார். சமத்துவத்துக்குக் கை தட்டினார்கள், நான் தட்டவில்லை.

அடுத்து ஒரு சிஸ்டர் வந்து படம் மாட்டி, இயற்கை முறையில் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவது எப்படி என்று விளக்கினார். "புதுத் தம்பதிகள் நல்லா கவனிக்கணும்" என்று என்னைப் பார்த்தே சொன்னார். எனக்குத் தீட்டு நின்று வருடம் தாண்டிவிட்டது. தலையெழுத்தே என்று தேதிகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதில் எல்லாம் எனக்கு ஆச்சரியமில்லை. கல்யாணமே ஆகாத சிஸ்டரும் பெண்டாட்டியைப் பேசவிடாத ஹெட்மாஸ்டரும் கல்யாணத்துக்கு வகுப்பெடுத்தால் இப்படித்தான் இருக்கும். என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது என் வீட்டுக்காரர்தான். அந்த ஆள் வகுப்பில் முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். கேள்வி கேட்டால் முதல் கை அவருடையது. மனைவி பேசும்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். மைக்கை வாங்கி, "டிவியை ஆஃப் பண்ணிட்டு, கண்ணைப் பார்த்துக் கேக்கணுங்க" என்றார். ஹாலே கை தட்டியது. அடப்பாவி, என் கண் என்ன நிறம் என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் உன் லட்சணம்.

இரண்டாவது சனிக்கிழமை எங்களுக்குச் சிறந்த ஜோடி என்று திருக்குடும்பப் படம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "ஒண்ணு கேக்கட்டா?" என்றார்.

"கைதட்ட இங்க யாரும் இல்ல. பேசாம வாங்க" என்றேன். படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

மூன்றாவது வகுப்பும் முடிந்தபின் பங்குச் சாமியார் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்று கூப்பிட்டார். முதலில் நான். வேதப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னார்.

"யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துறாங்களா? முழு மனசோடதான் இவரைக் கட்டிக்கிறீங்களாம்மா?"

இருபத்தைந்து வருடம் முன்பு ஒற்றைப் பையோடு விடிகாலை பஸ் ஏறியபோது இதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விழுப்புரம் ஜங்ஷன் வரைக்கும் கேட்கிற மாதிரி ஆமாம் என்று கத்தியிருப்பேன். இப்போது கேட்கிறார்கள். கட்டாயப்படுத்துறது நீங்கதான் சாமி என்று நாக்கு நுனிவரை வந்தது. ஜன்னல் வழியே மகள் தெரிந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "முழு மனசோடதான் சாமி" என்றேன். கடைக்காரரிடம் சில்லறை இல்லை என்று சொல்கிற மாதிரி சுளுவாக வந்தது பொய்.

பிறகு என் வீட்டுக்காரர் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது பின்னாலேயே சாமியாரும் வந்தார். அந்தச் சிரிப்பு இப்போது இல்லை.

"ஐயா ஒரு வாரம் டைம் கேக்குறாரும்மா."

"இன்னாப்பா, விளையாடுறியா?" என்றாள் மகள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

"பொய் சொல்லக் கூடாதுன்னு புத்தகத்து மேல கை வைக்கச் சொன்னாங்க. தெரியலைன்னேன். யோசிச்சுச் சொல்றேன்னேன்."

எங்கள் புத்தகத்தின் மேல் கை வைத்து நான் பொய் சொன்னேன். வேதக்காரரே இல்லாத இந்த ஆளுக்கு அது சுட்டிருக்கிறது. அந்த வாரம் முழுக்க எனக்குப் பேஜாராகிப் போனது. ஓலை நின்றுவிடுமே என்ற பயம் ஒரு பக்கம். என்னை வேண்டுமா வேண்டாமா என்று இந்த ஆளுக்கு யோசனை வேறா என்ற ஆத்திரம் ஒரு பக்கம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவர் சாப்பிடும்போது முகத்தைப் பார்த்தேன், மண்டிக்குக் கிளம்பும்போது பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை உள்ளே போனவர் உடனே வெளியே வந்துவிட்டார். சாமியார் பழையபடி சிரித்தார். திங்கட்கிழமை சாயங்காலம் மகளும் கோயில் உபதேசியாரும் சாட்சியாக நிற்க, எங்களுக்குக் கோயில் கல்யாணம் நடந்தது. ஞாயிறு பூசையில் மகளின் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது மகள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"மொதல்ல தெரியலைன்னீங்க. ஒரே வாரத்துல எப்படித் தெரிஞ்சது? பொண்ணுக்காகத்தானே ஆமான்னு சொன்னீங்க?"

அவர் வண்டியை ஆஃப் செய்தார். வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே என் கண்ணைப் பார்த்தார்.

"நீ எதுக்குச் சொன்னியோ, அதுக்குத்தான்."