இடுப்பில் பையோடு போட்ட நாத்தனார் முடிச்சு

செவ்வாய்க்கிழமை காலையானால் லீட்ஸில் என் வீட்டுக் கதவை ஜோன் தட்டுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற நர்ஸம்மா. நனைந்த கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் முதல் கேள்வி வந்துவிடும்: வெளியே போவதெல்லாம் எப்படி இருக்கிறது? தண்ணியாகவா, கெட்டியாகவா, ரத்தம் வந்ததா, என்ன நிறம் என்று ஒரு கையில் டீயும் மறுகையில் பிஸ்கட்டுமாகக் கேட்பார். முதல் மாதம் எனக்கு மானமே போயிற்று. நம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத அம்மாகூட "சாப்டியா?" என்று கேட்கும். உள்ளே போவதைப் பற்றித்தான் நமக்கு அக்கறையெல்லாம். வெளியே வருவதைப் பற்றிக் கட்டின புருஷனிடம்கூட வாய் திறக்க மாட்டோம். இந்த ஊரிலோ நான் சாப்பிட்டேனா என்று இத்தனை வருஷத்தில் ஒரு ஜீவன் கேட்டதில்லை.

ஜோன் வர நேர்ந்ததற்குக் காரணம் என் பெருங்குடல். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர் வைத்தார்கள். பெருங்குடல் முழுக்கப் புண். மருந்துக்கு அடங்காமல் போனதும் அதை வெட்டி எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வலப்பக்க வயிற்றில் துளை போட்டு வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். இலியாஸ்டமி. சாப்பிடுவதெல்லாம் அந்தப் பையில்தான் வந்து சேரும். அடியில் மலக்குடலை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். சில மாதம் கழித்து அதையும் எடுத்து, சிறுகுடலையே ஆங்கில எழுத்து 'ஜே' போல மடித்து உள்ளேயே ஒரு பை தைத்து, பழைய வழியோடு சேர்ப்பார்களாம். அது ஆறியதும் வெளிப்பை போய்விடும். அதுவரைக்கும் அந்த மிச்சக் குடலுக்கு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் சும்மா இருக்காது, நினைத்தால் ரத்தம் கசியும். வேலைவெட்டி இல்லாதவர்கள்தான் வம்பு வளர்ப்பார்கள் என்பதற்கு என் வயிற்றுக்குள்ளேயே ஒரு சாட்சி.

இந்த இரண்டு ஆபரேஷனுக்கும் நடுவில்தான் என் தம்பி குமாருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் விழுப்புரம். நான் ஒரே அக்கா. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மிச்ச முடிச்சைப் போட வேண்டிய நாத்தனார் நான் ஒருத்திதான். டாக்டர் யோசித்துவிட்டு, தண்ணீரும் உப்பும் நிறையச் சேர்த்துக்கொள், கடலை மாதிரிக் கடினமானதெல்லாம் வேண்டாம், ரத்தம் கொஞ்சம் வந்தால் பயப்படாதே, அதிகமானால் ஆஸ்பத்திரிக்குப் போ என்று அனுப்பி வைத்தார். ஜோனுக்குத்தான் கவலை. அங்கே உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்றார். கல்யாண வீடு, நாற்பது பேர் இருப்பார்கள் என்றேன். "அப்பாடா, எவ்வளவு நல்லது!" என்று பூரித்துப் போனார். அந்த நாற்பது பேர்தான் என் கவலையே என்பதை அவருக்கு எந்த இங்கிலீஷில் சொல்வது?

கணவருக்கு லீவு கிடைக்காததால் தனியாகத்தான் போனேன். வயிற்றில் ஆபரேஷன் என்றுதான் அம்மாவுக்குத் தெரியும். பையைப் பற்றி மூச்சு விடவில்லை. மே மாத வெயிலில் பசை உருகி ஓரம் பெயர, நாற்பது பேருக்கு ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் நான் வாளியும் சொம்புமாக உள்ளே போனால் வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவித்த வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையைத் தட்டில் கொண்டுவந்து நீட்டிய சித்தி, வேண்டாம் என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சீமைக்குப் போனவளுக்கு ஊர் மல்லாட்டை கசக்குதாம். இருந்தாலும் சமாளித்தேன். அம்மா உப்புப் போட்டுத் தந்த கஞ்சி, டாக்டர் கொடுத்தனுப்பிய பாக்கெட் பொடியை விட நன்றாகவே கேட்டது. நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மிச்சக் குடல் தன் வேலையைக் காட்டியது. கொஞ்சம்தான், வழக்கமான அளவு. பாவாடையை அலசி முடிப்பதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். பார்த்தவுடன் தலையில் கை வைத்துக்கொண்டு, "இன்னாடி, இன்னிக்குப் பாத்தா தூரமாவணும்?" என்றாள். மாதவிலக்கு இல்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் விஷயம் கூடத்துக்குப் போய், அங்கிருந்து பந்தலுக்கும் போய்விட்டது. முடிச்சுப் போடச் சித்தி மகள் வசந்தா என்று அங்கேயே முடிவும் ஆயிற்று. எனக்குப் பின்கட்டு அறை, தனிப் பாய், தனித் தட்டு. உண்மையைச் சொல்லட்டுமா, முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை. யாரும் தொட மாட்டார்கள், யாரும் தட்ட மாட்டார்கள். சாவகாசமாகப் பழைய பையை எடுத்து, தோலைத் துடைத்துக் காய வைத்து, புதுப் பை ஒட்டினேன்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே வசந்தாவின் குரல். எந்தப் புடவை கட்டிக்கொள்வது, எத்தனை முடிச்சுப் போடவேண்டும் என்று சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள்மேல் தப்பில்லை. எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது. இந்தக் கல்யாணத்துக்காக, வயிற்றில் துளையோடு கடல் தாண்டி வந்தவள் நான். செய்யாத குற்றத்துக்கு ஜெயில் மாதிரி, ஆகாத தூரத்துக்கு நான் ஏன் மூலையில் கிடக்கவேண்டும்? அம்மாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். புடவையை விலக்கிக் காட்டினேன்.

அம்மா கீழே உட்கார்ந்துவிட்டாள். பையின் அருகே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, துன்றதெல்லாம் இதுலதான் வருதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அப்ப கீழ ஏன்டி ரத்தம்?"

மிச்சக் குடலில் புண் இன்னும் இருக்கிறது, ரத்தம் அதிலிருந்துதான், அடுத்த ஆபரேஷனில் அதையும் எடுத்துவிடுவார்கள், பிறகு இந்தப் பையும் போய்விடும் என்று விளக்கினேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்த வச்சிக்கினு ஏன்டி எங்கிட்ட சொல்லாம இருந்த?"

"அருவருப்பா நெனைப்பியோன்னு பயந்தேம்மா."

"ஒம் பீத்துணி அலசுன கைடி இது." எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். "இது தூரம் இல்ல, புண்ணு. புண்ணுக்கு இன்னா தீட்டு? ஜல்தி குளிச்சிட்டு வா, வேனு வந்துரும்."

வெளியே போய் அவள் சொன்னது பாதி பேருக்குப் புரிந்திருக்காது. குடலில் புண், ரத்தம் பின்பக்கமாக வருகிறது, முடிச்சு என் மகள்தான் போடுவாள் என்று பந்தலில் நின்று அறிவித்திருக்கிறாள். சித்தி முணுமுணுத்தபடியே, மூலத்துக்குக் கைகண்ட மருந்து ஒன்று இருக்கிறது என்று வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். மூலமில்லை சித்தி என்று விழுப்புரம் வரைக்கும் சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை. வசந்தா மட்டும் தன் புடவைக்கு மேட்சாக வாங்கிய பூவில் பாதியை என் தலையில் வைத்துவிட்டாள்.

மறுநாள் விழுப்புரம் மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கியபோது பை தன் பாட்டுக்கு நிறைந்துகொண்டிருந்தது. பட்டுப்புடவைக்கு உள்ளே அந்தச் சூடு எனக்கு மட்டும் தெரிந்தது. குமார் முதல் முடிச்சுப் போட்டுக் கையை எடுத்தான். பெண்ணின் பின்னால் குனிந்து இரண்டாவது, மூன்றாவது முடிச்சுகளை இறுக்கிப் போட்டேன். அது முடிந்ததும் பையைக் காலி செய்ய நான் ஓட, அம்மா மண்டபத்துப் பாத்ரூம் வாசலில் வாளியோடு காவல் நின்றாள். தட்ட வந்தவர்களையெல்லாம் விரட்டிவிட்டாள்.

லீட்ஸுக்குத் திரும்பி, அடுத்த ஆபரேஷனுக்கு அட்மிட் ஆவதற்கு முந்தின நாள் காலையில் போன் வந்தது. திண்டிவனத்தில் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பிலிருந்து அம்மா டிரங்க் கால் போட்டிருந்தாள். அங்கே மத்தியானம், கடையில் கூட்டமாக இருக்கும் சத்தம் கேட்டது. எப்போதும் போல சாப்பிட்டாயா என்றுதான் ஆரம்பிப்பாள் என்று பதிலைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

"ரத்தம் வருதாடி? இன்னா கலரு?" என்று அவ்வளவு பேர் நடுவில் கத்தினாள்.

நடைவழியில் நின்றிருந்தேன். ஒரு கை போனில், ஒரு கை பைமேல். மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். என்னையறியாமல் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம்தாம்மா என்றேன்.

"கேக்கல, சத்தமா சொல்லு!"

ஜோன் அப்போதுதான் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே, லீட்ஸ் தெரு முழுக்கக் கேட்கும்படி, "லேசான செவப்புதாம்மா!" என்று கத்தினேன்.