கோழிக்கால் எழுத்து

ஆயத்த ஆடைக் கூடத்தில் சட்டை மடித்துப் பெட்டியில் அடுக்குகிறவளுக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்காது. சின்ன வயதில் தம்பி கோபத்தில் கதவை அறைந்து சாத்தியபோது அந்த விரல்கள் இடுக்கில் இருந்தன. குழந்தை பயந்துபோயிருக்கும் என்று அம்மா அவனைத்தான் மடியில் வைத்துத் தேற்றினாள். அதன்பிறகு இவள் எழுதியதெல்லாம் ஏறியும் இறங்கியும் போயிற்று. பள்ளிக்கூடத்தில் கோழிக்கால் என்று பேர் வைத்தார்கள். அதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டாள்.

தம்பி வளர்ந்து விளம்பரப் பலகை அச்சடிக்கும் கடை போட்டான். ஒருநாள் வெள்ளைத்தாளும் தடித்த பேனாவுமாக வந்து, எல்லா எழுத்தையும் எழுதித் தரச் சொன்னான். அவள் எழுத்தை யாரும் கேட்டு வாங்கியதே இல்லை. உச்சி குளிர்ந்துபோய், விரல் விண்விண்ணென்று தெறிக்கத் தெறிக்க, ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தாள்.

அதை அவன் கணினியில் எழுத்துருவாக்கினான். ழகரத்தின் வால் ஆடியது. புள்ளிகள் குமிழிகளாக மிதந்தன. சிறிதாக அடித்தால் படிக்க முடியாது. நாலு சொல்லுக்கு மேல் போனால் கண் வலிக்கும். ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினாலோ பார்க்கிறவர்களுக்குத் தானாகச் சிரிப்பு வரும். ஐஸ்கிரீம் கடை, குழந்தை உடுப்பு, தள்ளுபடி விற்பனை என்று ஊர் முழுக்கத் தொற்றிக்கொண்டது.

அதன் பேர் செருப்புக் கடையில்தான் அவளுக்குத் தெரியவந்தது. பலகையை அண்ணாந்து பார்த்து நின்றவளிடம் கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்:

"கோழிக்கால்னு பேரும்மா. கை விளங்காத பொண்ணு ஒருத்தி எழுதினதாம்."

வீட்டுக்கு வந்ததும், பேரையாவது மாற்றும்படி தம்பியைக் கேட்டாள். அவன் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"அந்தப் பேருக்குத்தான்க்கா ஓடுது. உன் கை வேற எதுக்கு ஆச்சு?"

அம்மா அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அந்த அம்மா செத்தபோது இரங்கல் சுவரொட்டி தம்பி கடையிலேயே தயாரானது. அவசரத்தில் வேலையாள் கணினியில் திறந்து கிடந்த கோழிக்கால் எழுத்திலேயே அடித்துவிட்டார். அம்மாவின் படத்துக்கு மேல் 'ஆழ்ந்த இரங்கல்' துள்ளிக் குதித்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தம்பியின் முகம் ஒரு கணம் கறுத்தது. பிறகு, அக்காதான் தன் எழுத்தில் இருக்க வேண்டுமென்று அடம்பிடித்தாள் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

அவள் மறுக்க வாயெடுத்தாள். அதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டாள்.

"பெத்தவ செத்துக் கெடக்கா. இப்பவும் உன் பவிசைத்தான் காட்டணுமாடி?"

தெருச்சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் அவள் நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள்.

இறப்புச் சான்றிதழ் வாங்க நகராட்சி அலுவலகத்துக்கு இருவரும் போனார்கள். கையெழுத்துப் போட எழுத்தர் பேனாவை நீட்டினார். எழுதத் தெரியாது என்றாள் அவள். அவர் சலித்துக்கொண்டே மைப்பெட்டியைத் தள்ள, கட்டைவிரலை ஒற்றி அழுத்தினாள்.

தம்பி எழுத்தரைப் பார்த்துக் கண்ணடித்தான். அவரும் அவனும் சிரித்தார்கள்.