கேசட்டில் விட்ட இடைவெளி

அந்தக் கேசட்டில் முதலில் ஓர் ஆண் ஆங்கிலத்தில் பேசுவார். ‘தபால் நிலையம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்’ என்பார். பிறகு ஒன்றும் கேட்காது. நாடா மட்டும் சன்னமாக உரசிக்கொண்டு ஓடும். அந்த இடைவெளிக்குள் நாம் ஜப்பானிய மொழியில் கேட்டுவிட வேண்டும். கேட்டாலும் கேட்காவிட்டாலும், அது முடிந்ததும் ஒரு ஜப்பானியப் பெண் அதே கேள்வியை நிதானமாக, திருத்தமாகக் கேட்பாள். அவள் சொன்னதைத் திரும்பச் சொல்வதற்கு இன்னோர் இடைவெளி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே, மரநிழலில் நிறுத்திய கம்பெனிக் காருக்குள் உட்கார்ந்து, நானும் என் அண்ணனும் இப்படித்தான் ஜப்பானிய மொழி படித்தோம். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. அவருக்கு ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் கிள்ளானில் குடியிருந்தார். அங்கே ஒரு ஜப்பானியத் தொழிற்சாலை மேலாளருக்குக் கார் ஓட்டினார். ஓட்டுநர் வேலையில் ஓட்டுவதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம் என்பார். மேலாளரைக் கோலாலம்பூரில் கூட்டத்துக்கு இறக்கிவிட்டால், அது முடியும்வரை அவருக்குப் போக்கிடம் எங்கள் வீட்டு வாசல்தான். கிள்ளானில் சினிமாப் பாட்டு விற்கும் கேசட் கடை ஒன்றில், யாரும் சீண்டாமல் அட்டை வெளுத்துக் கிடந்த ஜப்பானிய மொழிப் பாடப் பெட்டியை வாங்கி வந்து, காத்திருக்கும் நேரத்தில் காரிலேயே போட்டுக் கேட்க ஆரம்பித்தார். அந்தப் பாடங்களோ ஜப்பானுக்கு வியாபாரப் பயணம் போகிறவர்களுக்காகச் செய்தவை. அண்ணன் முதன்முதலில் மனப்பாடம் செய்து மேலாளரிடம் தைரியமாகச் சொன்ன வாக்கியம், ‘எனக்குக் குளியலறையோடு ஓர் அறை வேண்டும்’ என்பதுதான்.

“வேற எதுவும் வாயில வரலைலா. ரூம் கேட்டுட்டேன். பாத்ரூமோட. மனுசன் சுபாங் தாண்டற வரைக்கும் சிரிச்சாரு. முன்னாடியெல்லாம் பின்சீட்டுல பேப்பருக்குள்ள மூஞ்ச வச்சிருப்பாரு. இப்ப நான் வாயத் தொறந்தாலே முன்னால சாஞ்சு கேக்குறாரு” என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார்.

நான் அந்தக் காரில் ஏறியதற்குக் காரணம் என் மகள். பொறியியல் படிக்க அவளுக்கு ஜப்பானில் அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. புறப்படுவதற்கு முன்பே அவள் இங்கே அந்த மொழியை நன்றாகப் படித்து முடித்திருந்தாள். பயமெல்லாம் எனக்குத்தான். அவள் போன முதல் வாரம் விடுதிக்கு டெலிபோன் செய்தேன். பொறுப்பாளர் அம்மாள் எடுத்தார். அவர் என்ன பேசுகிறார் என்று புரியாமல் வெலவெலத்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் ரிசீவரை வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை மிரட்டும் டீச்சர் நான். அண்ணன் கேள்விப்பட்டு, “எத்தன நாளைக்கு போனை வச்சிட்டு ஓடுவ? ஏறு கார்ல” என்றார்.

காலை நேரப் பள்ளி முடிந்து நான் வீட்டுக்கு வந்திருப்பேன். கீழே ஹாரன் சத்தம் கேட்டால் பிளாஸ்கில் தேநீரோடு இறங்கிப் போவேன். ஒருநாள் மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “என்ன டீச்சர், அண்ணனும் தங்கச்சியும் கார்லயே குடித்தனமா?” என்று கத்தினாள். “குளுகுளுன்னு ஏர்கோன் இருக்கு அக்கா. வாங்க, உங்களுக்கும் ஒரு ரூம் தரேன்லா” என்று அண்ணன் கண்ணாடியை இறக்கிப் பதில் கத்தினார். தெருவே சிரித்தது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அந்த இடைவெளியில் எங்கள் இருவரின் குணமும் தெரிந்துவிடும். ஆங்கிலக்காரர் முடிப்பதற்குள் அண்ணன் பாய்ந்து ஏதாவது சொல்லிவிடுவார். பாதிக்கு மேல் தப்பாக இருக்கும். நான் வார்த்தைகளை மனத்துக்குள் அடுக்கிச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் சொல்லிவிடுவாள். அண்ணனுக்கு எரிச்சல் வரும். “தப்பா சொல்லு, பரவால்ல. திருத்தறதுக்குத்தான் அந்தப் பொம்பள உக்காந்திருக்கா. நீ சும்மா இருந்தா உனக்கும் சேத்து அவளே பேசிட்டுப் போயிடுவா” என்பார். வகுப்பில் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளை நான் அதுவரை சோம்பேறிகள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் எங்கள் வீட்டுக்குப் பேசுவாள். அதற்கென்றே அண்ணனும் அண்ணியும் கிள்ளானிலிருந்து வந்துவிடுவார்கள். எங்கள் முறை முடிந்ததும், “மாமா எங்கே?” என்பாள். அண்ணன் ரிசீவரை வாங்கிக் குரலைக் கனைத்துக்கொண்டு ஜப்பானிய மொழியில் ஆரம்பிப்பார். “மாமா, இங்க யாரும் அப்படிப் பேசமாட்டாங்க. நீங்க ஏதோ கம்பெனி முதலாளி மாதிரியே பேசுறீங்க” என்று அவள் சிரிப்பது எனக்கே கேட்கும். “நான் யாருன்னு நெனச்ச? தினம் பெரிய கார்ல போறவன்லா” என்பார். அவளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்தவர் அவர். விமான நிலையத்தில் அவள் கடைசியாகக் கட்டிக்கொண்டதும் தாய்மாமனைத்தான்.

அவர் இறந்ததும் அந்தக் காரிலேயேதான். ஒரு வியாழக்கிழமை மதியம், ஓர் அலுவலகத்தின் வாசலில், காத்திருந்த நேரத்தில் மாரடைப்பு. கூட்டம் முடிந்து வந்த மேலாளர், களைத்துத் தூங்குகிறார் என்று நினைத்து, எழுப்ப மனமில்லாமல் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றிருந்தாராம். துக்கத்துக்கு வந்தபோது அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். நின்ற நேரத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்ன பிறகும் அவர் மனம் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை தகனம் முடிந்தது. மகளுக்குச் சொல்லக்கூடாது என்றார்கள் எல்லாரும். “பரீட்சை நேரம். மூணு வாரம் பொறு. அங்க தனியா கெடந்து புள்ள என்னமா தவிக்கும்?” என்று என் கணவரும் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடுவாள். மாமா எங்கே என்று கேட்பாள். கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல என்னால் முடியாது. சொல்லத்தான் வேண்டும். அதைக் கேட்கும்போது அவள் பக்கத்தில் ஒரு மனித உயிர் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அங்கே எனக்குத் தெரிந்த ஒரே ஆள், நான் பயந்து ரிசீவரை வைத்துவிட்ட அந்தப் பொறுப்பாளர் அம்மாள்.

சனிக்கிழமை காலை, மகள் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்து, அண்ணன் வீட்டிலிருந்தே கூப்பிட்டேன். அண்ணி பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் எடுத்தார். என் மகளின் பெயரைச் சொல்லி, நான் அவளுடைய தாய் என்றேன். அதுவரை பாடத்தில் இருந்தது. சாவைச் சொல்லும் வார்த்தை மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை. வியாபாரப் பயணம் போகிறவர்களுக்கு அது எதற்கு? முதலாளி அலுவலகத்தில் இல்லை என்று சொல்லத்தான் கற்றுக் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டேன்.

“என் அண்ணன் இல்லை” என்றேன்.

அவர் பணிவாகக் கேட்டார்: “எப்போது திரும்புவார்?”

“திரும்பமாட்டார்.”

நான் வழக்கம்போல வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு நிற்கவில்லை. தப்பும் தவறுமாக, இருந்ததையெல்லாம் கொட்டினேன். மகள். தெரியாது. இன்று மாலை. டெலிபோன். வங்கிக்குப் பக்கத்தில் தபால் நிலையம் என்று படித்த அந்தப் ‘பக்கத்தில்’. தயவுசெய்து உட்காருங்கள் என்ற அந்த ‘உட்காருங்கள்’. சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தால் நிறுத்திக் காத்திருந்தேன். அந்த அம்மாள், நான் உடைத்துப் போட்டதையெல்லாம் ஒன்றாகக் கோத்து, ஒரு முழு வாக்கியமாக மெதுவாகத் திருப்பிச் சொன்னார். மகளின் பக்கத்தில் உட்கார வேண்டும், அப்படித்தானே? நான் யோசிக்கவே இல்லை. அவர் சொன்னதை அப்படியே திரும்பச் சொன்னேன். அவர் அடுத்ததைச் சொன்னார். அதையும் சொன்னேன். என் அண்ணனின் சாவை ஒருவருக்கொருவர் பாடம்போலச் சொல்லி, சரியாகப் புரிந்ததா என்று பார்த்துக்கொண்டோம். அண்ணி தலையை நிமிர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. மகள் பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். எனக்கு இன்னும் மதியத்தில் கீழே ஏதாவது கார் ஹாரன் அடித்தால் கை தானாக பிளாஸ்கைத் தேடுகிறது. பிள்ளையை அத்தனை தூரம் அனுப்பிவிட்டு எந்தத் தைரியத்தில் தூங்கினோம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை அவளே கூப்பிட்டாள். “அம்மா, என்னாச்சு? ஆன்டி என் கையப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருக்காங்க. ஒண்ணும் சொல்லமாட்றாங்க” என்றாள். நான் சொன்னேன். தமிழில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் அழுதாள். நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் அந்த அம்மாளின் குரல் தாழ்வாக ஏதோ கேட்டது. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அம்மா, நீங்க சாப்பிட்டீங்களான்னு ஆன்டி கேக்குறாங்க” என்றாள்.

வியாழக்கிழமையிலிருந்து யார் யாரோ தட்டில் வைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் எதையும் தொடவில்லை. “இல்லம்மா” என்றேன்.

அம்மா இன்னும் சாப்பிடவில்லை என்று மகள் அவரிடம் ஜப்பானிய மொழியில் சொல்வது கேட்டது. அந்த வாக்கியம் எனக்கு முழுதாகப் புரிந்தது.