வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

அரசுப் பள்ளிகளைப் பற்றி ஆராய்வது, வெயிலில் அலைந்து கேட்டதை மின்விசிறிக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புரியும்படி எழுதும் தொழில். எழுதியதைப் படித்தீர்களா என்று அவர்களிடம் கேட்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் நாகரிகம். என்னைப் போல் அறிக்கை எழுதியே கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்டவர்களுக்கு இது தெரியும். போன வருஷம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்காக அலைந்ததை மட்டும் சொல்கிறேன்.

நேர்கோடு

விவசாயக் கூலிகளின் குடியிருப்பில் இருக்கும் சின்னத் தொடக்கப் பள்ளி அது. பிள்ளைகள் குறைவு. அதை மூடி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய பள்ளியோடு சேர்க்கலாமா என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். சேர்க்கலாம் என்று எழுதத் தயாராக இருந்தார் எங்கள் குழுவின் பிரகாஷ். கணினியில் இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். குட்டிக் கோடு.

வாய்க்கால் எங்கே என்றேன். மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டால் அது கரை தொட்டு ஓடும். மதகுப் பாலம் வரை போய்ச் சுற்றித்தான் அந்தப் பக்கம் சேர முடியும். ஆறு வயதுக் கால்களுக்கு அது வேறு ஊர். பிரகாஷ் கோட்டை மறுபடி பார்த்தார். "நாங்க மார்ச்ல போனப்ப தண்ணியே இல்லைங்களே மேடம். வாய்க்காலுக்குள்ள கிரிக்கெட் ஆடிக்கிட்டிருந்தாங்க."

கதவு

தண்ணீர் வந்தபின் நானே போனேன். ஒரே அறை. ஒரு மூலையில் வாய்ப்பாடு, மறுமூலையில் அ, ஆ. இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்திருந்தன. அங்கிருந்த ஒரே ஆசிரியையான தலைமையாசிரியை, என்னைப் பார்த்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். மூடாமல் இருக்க வழியுண்டா என்று பார்க்கத்தான் வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. பின்பக்கம் கூட்டிப்போய், கழிவறை வாசலில் தொங்கிய பழைய புடவையைக் காட்டினார்.

"மூடுறதுன்னா மூடிக்கங்க மேடம். அதுக்கு முன்னால இதுக்கு ஒரு கதவு போட்டுட்டு மூடச் சொல்லுங்க."

நடவு

குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. வயலில் நின்றவர்களில் ஒருத்தி செல்வி; அவள் மகள் அந்தப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. வரப்பில் நின்றபடி அவளிடம் என் கேள்வியைக் கேட்டேன்: பள்ளி அந்தப் பக்கம் போனால் பிள்ளையை அனுப்புவாயா?

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லு. போன தடவை வந்தவங்களும் எழுதிக்கிட்டுத்தான் போனாங்க" என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள். சிரிப்பு வரிசை முழுக்கப் போய்த் திரும்பியது. செல்வி சிரிக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, கையிலிருந்த நாற்றுமுடியை உதறினாள்.

"தண்ணி வந்தாத்தாங்க எங்களுக்கு வேலை. அப்ப பாத்துத்தான் புள்ளையக் கூட்டிக்கிட்டுச் சுத்தணும்னா, வீட்டுலதான் கெடப்பா. வேற என்னங்க பண்றது?"

கூட்டம்

தஞ்சாவூரில் கல்வி அதிகாரி கூட்டிய கூட்டத்தில் அதைத்தான் சொன்னேன். தூரத்தைத் தண்ணீர் ஓடும் மாதங்களில், நடந்து அளக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் பள்ளி இந்தப் பக்கமே இருக்க வேண்டும். கதவையும் சேர்த்துச் சொன்னேன். அதிகாரி நல்லவர். கண்ணை மூடாமல் கேட்டார். "தண்ணி வராத வருஷமும் உண்டேம்மா" என்றார். உண்டு என்றேன். அந்த வருஷம் செல்விக்கு வேலையும் இராது என்றேன்.

கடைசியில், இணைப்பை ஒரு வருஷம் தள்ளிவைத்து, மறுபடி ஆய்வு செய்து முடிவெடுப்பது என்றானது. எப்போது ஆய்வு என்று கேட்டேன். எதிரில் இருந்த உதவியாளர் நாட்காட்டியைப் புரட்டினார்.

"மார்ச்லயே வச்சுக்கலாம் மேடம். வாய்க்கால் காஞ்சிருக்கும், ஜீப் நேரா போயிடும்."

என் ஆராய்ச்சியால் என்ன நடந்தது என்று இப்போது யாராவது கேட்டால், இந்த வருஷம் செல்வியின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள் என்று சொல்லிவிட்டு, பேச்சு மார்ச்சுக்குப் போவதற்குள் காபி குடிக்கிறீர்களா என்று கேட்டுவிடுகிறேன்.